தாயின் இரத்தப் பரிசோதனையும் சேயின் உயிரும்

சினைப்பசு ஒன்று ஏழாம் மாதமளவில் கன்று வீசிவிட்டால் குடியானவர் வாளாவிருப்பதில்லை. கால்நடை மருத்துவரை அழைக்கிறார். பசுவின் இரத்தத்தைச் சோதிக்கச் சொல்கிறார். கன்று வீச்சு நோய் ஒரு கிருமியால் வருவது, ஒரு மாட்டிடமிருந்து மற்றொன்றுக்குப் பரவக்கூடியது, கிடேரிக் கன்றுகளுக்கு நான்கு மாதம் முதல் எட்டு மாத வயதிற்குள் தடுப்பூசி போட்டால் தவிர்க்கத்தக்கது என்பனவெல்லாம் இன்று கறவை மாடு வளர்ப்போர் பலர் அறிந்த செய்திகளே. பசுவின் தலையெழுத்து என்று சொல்லி யாரும் அதனை ஒதுக்குவதில்லை.

அதே வீட்டில் மருமகளுக்கு எட்டாம் மாதத்தில் குழந்தை இறந்து பிறந்தால் நடப்பது வேறு. ஜாதகத்தை எடுக்கிறார்கள். கண்ணேறு என்கிறார்கள். அவள் காலடி வைத்த நேரம் சரியில்லை என்று அடுத்த வீட்டார் பேசுகிறார்கள். மறுமுறையும் அவ்வாறே நேர்ந்துவிட்டால், ஊரார் தம் வீட்டுச் சுபகாரியங்களுக்கு அப்பெண்ணை அழைப்பதுகூடக் குறைந்துவிடுகிறது. இரத்தத்தைச் சோதித்தார்களா, காரணம் கண்டார்களா என்று கேட்பவர் அரியர். பசுவையும் பெண்ணையும் ஒரு தட்டில் வைத்துப் பேசுவதாக எவரும் மனம் வருந்த வேண்டா. பசுவிடம் காட்டும் நிதானத்தைப் பெண்ணிடமும் காட்டலாகாதா என்பதே நமது கேள்வி.

குழந்தை இறந்து பிறப்பதற்குக் காரணங்கள் பல. தாயின் இரத்த அழுத்தம், சர்க்கரை நோய், நஞ்சுக்கொடி முன்னதாகப் பிரிந்துவிடுதல் என அவை விரியும். இப்பாடத்தில் நாம் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். தாயின் இரத்தத்தில் உள்ள கிரந்தி நோய்க் கிருமி, கருவில் வளரும் குழந்தையைப் பற்றிக்கொள்வதே அது. இதனைப் பிறவிக் கிரந்தி எனலாம். மருத்துவர்கள் பிறவி சிபிலிஸ் என்பர். நம் மாநிலத்தில் இந்நோயுள்ள கர்ப்பிணிகள் மிகச் சிலரே. அப்படியிருக்க இதனை ஏன் எடுத்துக்கொண்டோமெனில், மற்றக் காரணங்களுள் பலவற்றை முழுவதும் தடுக்க மருத்துவத்தால் இன்னும் இயலவில்லை. இந்த ஒன்றையோ, சிறிது இரத்தத்தைச் சோதித்து, உரிய காலத்தில் ஊசி மருந்து போடுவதால் அநேகமாக முழுவதும் தடுத்துவிடலாம். தடுக்கத்தக்கதைத் தடுக்காமல் ஒரு சிசு இறக்குமாயின், அதற்கு விதியின்மேல் பழி சொல்ல நமக்கு உரிமையில்லை.

நோயும் அதன் பெயர்களும்

பழைய வழக்கில் இந்நோய்க்கு மேகக் கிரந்தி, பறங்கிப் புண், பறங்கி வியாதி என்றெல்லாம் பெயர்கள் உண்டு. பறங்கி என்பது கடல் கடந்து வந்த ஐரோப்பியரைக் குறித்த சொல். நாம் இப்படிப் பெயர் வைத்தோமெனில், ஐரோப்பியரும் தமக்குள் சும்மா இருக்கவில்லை. இத்தாலியர் இதனைப் பிரெஞ்சு நோய் என்றனர். பிரெஞ்சுக்காரர் நேப்பிள்ஸ் நோய் என்றனர். ருஷ்யர் போலந்து நோய் என்றனர். ஒவ்வொரு நாடும் பழியை அடுத்த நாட்டின்மேல் ஏற்றிவிட்டுத் தான் தூய்மையாக இருப்பதாக எண்ணிக்கொண்டது. நாடுகள் அன்று செய்ததையே குடும்பங்கள் இன்றும் செய்கின்றன. பழி பெரும்பாலும் மருமகளின்மேல் விழுகிறது.

1905ஆம் ஆண்டில் ஜெர்மனியில் ஷௌடின், ஹாஃப்மன் என்னும் இருவர் இந்நோய்க்குக் காரணமான கிருமியைக் கண்டனர். திருகாணி போலச் சுருண்ட, மிக மெல்லிய கிருமி அது. ஆண் பெண் சேர்க்கையாலும், கருவுற்ற தாயிடமிருந்து குழந்தைக்குமே இது பெரும்பாலும் பரவுகிறது. ஒரே தட்டில் உண்பதாலோ, ஒரே குளத்தில் குளிப்பதாலோ, ஒரே கழிப்பிடத்தைப் பயன்படுத்துவதாலோ பரவுவதில்லை. இதனை ஊரில் தெளிவாகச் சொல்லிவிட்டாலே பாதி அச்சம் தீரும்.

கிருமி உடலிற் புகுந்த மூன்று வாரமளவில் ஒரு புண் தோன்றும். அது வலிப்பதில்லை. பெண்களுக்கு உட்புறமாக அமைந்துவிட்டால் கண்ணிலும் படுவதில்லை. சில வாரங்களில் மருந்தின்றியே ஆறிவிடும். பின்னர் உடம்பிலும், உள்ளங்கை உள்ளங்கால்களிலும் தடிப்புகள் தோன்றலாம். அவையும் தாமே மறையும். வேர்க்குரு என்றும், சூடு என்றும் எண்ணி விட்டுவிடுவார்கள். அதன்பின் நோய் ஆண்டுக்கணக்கில் உள்ளே ஒளிந்திருக்கும். வெளியே யாதொரு குறியும் இராது. பல்லாண்டுகள் கழித்து இருதயத்தையோ மூளையையோ தாக்கும்போதுதான் சிலருக்குத் தெரியவரும். புண் ஆறியதைக் கண்டு நோய் தீர்ந்ததென எண்ணுவதே இந்நோயில் மக்கள் செய்யும் பெருந்தவறு.

இவ்விடத்தில் பழைய செய்தி ஒன்றைக் கூறுவது பயனுடைத்து. 1837ஆம் ஆண்டில் அயர்லாந்து நாட்டின் டப்ளின் நகரத்து மருத்துவர் ஆபிரகாம் காலிஸ் என்பவர் ஒரு புதுமையைக் கவனித்து எழுதினார். கிரந்தியோடு பிறந்த குழந்தைக்குப் பால் கொடுக்கும் செவிலித் தாய்க்கு அந்நோய் ஒட்டிக்கொள்கிறது. ஆனால் பெற்ற தாய்க்கு ஒட்டுவதில்லை. அவள் நல்ல உடல்நலத்துடன் காணப்படுகிறாள். ஆகவே நோய் தந்தையிடமிருந்து நேரே குழந்தைக்கு வந்தது, தாய்க்கு அதில் தொடர்பில்லை என்று நெடுங்காலம் பலர் நம்பினர். 1906இல் வாஸர்மன் என்பார் இரத்தப் பரிசோதனை முறையை வகுத்த பின்னரே உண்மை விளங்கிற்று. குறி ஒன்றும் காட்டாத அத்தாய்மாரின் இரத்தத்திலும் நோய் இருந்தது. நோய் அவர்களிடம் முன்பே இருந்ததால்தான் புதிதாக ஒட்டவில்லை. முகத்தைப் பார்த்து இந்நோயை அறிய முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை. "எங்கள் பெண் நல்ல திடமாக இருக்கிறாள், அவளுக்கு எதற்குப் பரிசோதனை?" என்று கேட்கும் பெரியவர்களுக்கு இச்செய்தியை எடுத்துச் சொல்லலாம்.

கருவிலே நேர்வது

இக்கிருமி நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தையின் இரத்தத்திற் சேர்கிறது. கருக்காலத்தின் எப்பகுதியிலும் இது நேரலாம். நாட்கள் கூடக் கூடக் குழந்தைக்கு அபாயமும் கூடுகிறது. தாய்க்கு நோய் புதியதாயின் ஆபத்து மிகுதி. சிகிச்சை பெறாத தாய்மாருள் பாதிக்கும் மேற்பட்டோருக்குக் கரு கலைதல், குழந்தை இறந்து பிறத்தல், குறைமாதப் பிரசவம், பிறந்த சில நாட்களில் மரணம், நோயுள்ள குழந்தை பிறத்தல் ஆகியவற்றுள் ஒன்று நேர்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2016ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 6,61,000 பிறவிக் கிரந்தி நேர்வுகள் உண்டாயின. அவற்றுள் 1,43,000 கருவிலேயே இறந்தவை. 61,000 பிறந்து ஒரு மாதத்திற்குள் இறந்த குழந்தைகள்.

உயிருடன் பிறக்கும் குழந்தைகளுட் பல முதலில் குறையின்றியே தோன்றும். சில வாரங்களில் மூக்கடைத்து நீர் வடியும். உள்ளங்கை, உள்ளங்கால்களில் தோல் உரியும். கல்லீரலும் மண்ணீரலும் வீங்கி வயிறு பெருக்கும். எலும்பில் வலி கண்டு குழந்தை ஒரு கையை அசைக்காமல் வைத்திருக்கும். தூக்கியதில் சுளுக்கிவிட்டது என எண்ணி வீட்டார் எண்ணெய் தடவி நீவுவார்கள். கவனிக்கப்படாமல் வளரும் குழந்தைக்குப் பின்னாளில் முன்பற்கள் பிறைபோல் வளைந்து முளைத்தல், கருவிழி மங்குதல், காது கேளாமை ஆகியன வரக்கூடும். அவற்றுக்குப் பிறகு மருந்து கொடுத்துக் கிருமியைக் கொல்லலாம். கெட்ட காதும் கண்ணும் திரும்புவதில்லை.

சோதனையும் மருந்தும்

சோதனை மிக எளிது. கர்ப்பிணிகளுக்கு முதல் முறை இரத்தம் எடுக்கும்போது, இரத்த சோகை, இரத்த வகை, சர்க்கரை, எச்.ஐ.வி. ஆகியவற்றோடு இதற்கும் சேர்த்தே பார்க்கிறார்கள். வி.டி.ஆர்.எல்., ஆர்.பி.ஆர். எனச் சீட்டில் எழுதியிருப்பது இதுவே. விரல் நுனியில் குத்தி ஒரு துளி இரத்தம் எடுத்துச் சிறிய அட்டையில் விட்டு, இருபது நிமிடத்திற்குள் முடிவு காணும் முறையும் இப்போது உண்டு. எச்.ஐ.வி.யையும் கிரந்தியையும் ஒரே அட்டையில் காணும் வகையும் வந்துவிட்டது. ஆய்வகம் இல்லாத துணை சுகாதார நிலையத்திற்கு இவை மிகவும் ஏற்றவை.

ஆயினும் ஓர் எச்சரிக்கை உண்டு. சோதனையில் நோய்க் குறி காட்டினால் அதனாலேயே யாரும் ஒரு முடிவுக்கு வந்துவிடலாகாது. வேறு காய்ச்சல்களாலும், சில சமயம் கருவுற்றிருப்பதாலுமே வி.டி.ஆர்.எல். தவறாகக் குறி காட்டுவதுண்டு. அட்டைச் சோதனையோ, பல்லாண்டுகளுக்கு முன் நோய் வந்து முழுதும் குணமானவர்க்கும் வாழ்நாள் முழுவதும் குறி காட்டக்கூடியது. அதனால்தான் மருத்துவர் இரண்டாவது வகைச் சோதனையையும் செய்து பார்க்கிறார். சீட்டிலுள்ள ஓர் எழுத்தைப் படித்துவிட்டு ஒரு பெண்ணின் ஒழுக்கத்தை எடைபோடுவோர், மருத்துவமும் அறியார், நியாயமும் அறியார்.

மருந்தின் வரலாறு சுவையானது. 1910இல் எர்லிக் என்னும் ஜெர்மானிய அறிஞர் பாஷாணம் கலந்த சால்வர்சன் என்னும் மருந்தைக் கொணர்ந்தார். அதனைப் பல மாதங்கள் தொடர்ந்து ஏற்ற வேண்டியிருந்தது, இடர்களும் மிகுதி. 1928இல் ஃப்ளெமிங் கண்டறிந்த பென்சிலின், 1943இல் அமெரிக்க மருத்துவர் மஹோனியின் சோதனைகளால் கிரந்திக்கு உற்ற மருந்தெனத் தெளிவாயிற்று. நம் நாட்டிலேயே பென்சிலின் செய்யவேண்டுமென்று உலக சுகாதார நிறுவனம், யுனிசெஃப் ஆகியவற்றின் உதவியுடன் புனாவை அடுத்த பிம்ப்ரியில் 1954இல் அரசுத் தொழிற்சாலை நிறுவப்பட்டது. மருந்துகள் எத்தனையோ மாறிவிட்ட இந்நாளிலும், இக்கிருமி பென்சிலினுக்கு இன்னும் பணிகிறது. இது நமது நற்பேறு என்றே சொல்ல வேண்டும்.

கர்ப்பிணிக்குப் போடுவது பென்சதீன் பென்சிலின். நோய் புதியதாயின் 24 லட்சம் யூனிட் அளவு, ஒரே முறை. பழையதாயினும், எப்போது வந்ததெனத் தெரியாவிடினும் வாரம் ஒன்றாக மூன்று முறை. இடுப்பின் கீழ்ச் சதையில் ஆழமாகப் போடப்படும் இவ்வூசி சற்று வலிக்கும். அன்றிரவு காய்ச்சலும் உடல்வலியும் வரலாம். கிருமிகள் மடிவதன் விளைவு அது என்று முன்னதாகவே சொல்லிவிட்டால் பெண் அஞ்சமாட்டாள். சொல்லாவிட்டால், "ஊசி ஒத்துக்கொள்ளவில்லை" என்று வீட்டில் முடிவுசெய்து அடுத்த வாரம் அனுப்பமாட்டார்கள். கருவிலுள்ள குழந்தையையும் சேர்த்துக் குணப்படுத்துவதெனத் தெளிவாக அறியப்பட்ட மருந்து இஃது ஒன்றே. மாத்திரைகளாகக் கிடைக்கும் மாற்று மருந்துகள் குழந்தையைப் போதிய அளவு எட்டுவதில்லை. பென்சிலின் சிலருக்குக் கடுமையாக ஒவ்வாது என்பது உண்மை. அத்தகையோரைப் பெரிய மருத்துவமனையில் வைத்து, சிறிது சிறிதாகப் பழக்கி, அதே மருந்தையே கொடுக்கிறார்கள்.

இப்பாடத்தில் நினைவிற் கொள்ளவேண்டிய எண் ஒன்றுண்டு. பிரசவத்திற்குக் குறைந்தது 30 நாட்கள் முன்னதாக மருந்து தொடங்கியிருக்க வேண்டும். அதற்குப் பிந்தினால் குழந்தை போதிய சிகிச்சை பெறவில்லை என்றே மருத்துவர் கொள்வர். கரு மூன்று மாதம் முடிவதற்குள் சோதனை நடந்துவிட்டால் மிகச் சிறப்பு.

சங்கிலி அறுபடும் இடங்கள்

2019 முதல் 2021 வரை நடந்த தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99 பிரசவங்களுக்கு மேல் மருத்துவ நிலையங்களில் நடக்கின்றன. இது நாம் பெருமை கொள்ளத்தக்க செய்தி. அதே ஆய்வில், முதல் மூன்று மாதத்திற்குள் பரிசோதனைக்குச் சென்ற தாய்மார் நான்கில் மூன்று பங்குக்குச் சற்று மேற்பட்டோரே. பிரசவத்திற்கு மருத்துவமனை போதும் என்னும் நினைவே இவ்விடைவெளிக்குக் காரணம் போலும். கிரந்தி நோயைப் பொறுத்தவரை, பிரசவ அறையில் கிடைக்கும் உதவி காலம் கடந்த உதவி.

நடைமுறையில் என்ன நேர்கிறது என்பதற்கு ஒரு குடும்பத்தைக் கற்பனையாகவே எடுத்துக்கொள்வோம். பெண்ணின் பெயர் பூங்கொடி என்று வைப்போம். கணவர் முருகேசன் வெளியூரில் வேலை செய்கிறார். இரண்டாம் மாதத்திலேயே பூங்கொடிக்குத் தெரிந்துவிட்டது. "மூன்று மாதம் முடியட்டும் அம்மா, அதுவரை வெளியே சொல்லக்கூடாது" என்கிறார் மாமியார். கண் பட்டுவிடும் என்னும் அச்சம். மூன்றும் நான்கும் கழிந்து ஐந்தாம் மாதத்தில் கிராம சுகாதார செவிலியரிடம் பெயர் பதிகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளைப் பார்க்கும் நாளன்று மழை, பேருந்து வரவில்லை. ஆறாம் மாதத்தில் இரத்தம் எடுக்கிறார்கள். முடிவு வரும்போது ஏழாம் மாதம். வளைகாப்பு முடிந்து பூங்கொடி தாய்வீடு போய்விட்டார். அது வேறு மாவட்டம். பதிவேட்டில் உள்ள தொலைபேசி எண் முருகேசனுடையது. செவிலியர் அழைக்கிறார், வேலை நேரத்தில் அவர் எடுப்பதில்லை. எடுத்தபோதும், "நேரில் வாருங்கள்" என்பதற்கு மேல் செவிலியர் எதுவும் சொல்வதற்கில்லை.

தாய்வீட்டில் தனியார் மருத்துவரிடம் ஸ்கேன் எடுக்கிறார்கள். குழந்தை நன்றாக இருக்கிறது என்கிறார் மருத்துவர். ஸ்கேன் படத்தில் கிருமி தெரியாது என்பதை வீட்டார் எப்படி அறிவர்? ஒன்பதாம் மாதத்தில் அரசு மருத்துவமனைக்கு வந்தபோதுதான் சீட்டைப் பார்த்து ஊசி போடுகிறார்கள். பன்னிரண்டாம் நாள் பிரசவமாகிறது. குழந்தை உயிருடன் இருக்கிறது. ஆனால் முப்பது நாள் ஆகவில்லையே! ஆகவே பச்சிளங்குழந்தையைப் பத்து நாள் மருத்துவமனையில் வைத்து, நாள்தோறும் நரம்பில் பென்சிலின் ஏற்ற வேண்டியதாயிற்று. இரண்டாம் நாளே மாமியார் கேட்கிறார்: "பக்கத்துக் கட்டில் பெண் நேற்றே வீட்டுக்குப் போய்விட்டாள். நம் குழந்தைக்கு மட்டும் ஏன் இத்தனை ஊசி?" சித்தி கேட்கிறார். சம்பந்தி வீட்டார் கேட்கிறார்கள். பூங்கொடி என்ன பதில் சொல்வார்?

மூன்றாம் மாதத்திலேயே சோதனை நடந்திருந்தால், சத்து ஊசி போடுவோரோடும் தடுப்பூசி போடுவோரோடும் ஒருவராக அவர் மூன்று வாரம் வந்து போயிருப்பார். யாருக்கும் எதுவும் தெரிந்திராது. முன்னதாகப் பதிவதால் குழந்தையின் உயிர் காக்கப்படுவதோடு, தாயின் மானமும் காக்கப்படுகிறது என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. நாள் தள்ளிப் போவதே இரகசியத்தை வெளியேற்றுகிறது. மூன்று மாதம் வெளியே சொல்லாமலிருக்கும் வழக்கத்தை விடச் சொல்லவில்லை; ஊராருக்குச் சொல்லவேண்டா, செவிலியருக்குச் சொல்லிவிடலாம்.

முருகேசனை மறந்துவிட்டோம். பெரும்பாலும் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். மனைவிக்கு ஊசி போட்டுக் குணமாக்கிய பின் கணவருக்குப் போடாவிட்டால் நோய் திரும்பவும் மனைவிக்கு வந்து சேரும். அடுத்த கருவும் அபாயத்திற்குள்ளாகும். ஓட்டைக் கமலையால் நீர் இறைப்பதற்கு ஒப்பானது அது. இருவரும் சிகிச்சை முடிக்கும் வரையில் சேர்க்கையைத் தவிர்க்குமாறும் மருத்துவர் கூறுவர். நோய் எவரிடமிருந்து முதலில் வந்தது என்னும் விசாரணையால் எக்குழந்தையும் பிழைத்ததில்லை.

இவ்வாறு அறுபடுவது ஏழை நாடுகளில் மட்டும் என எண்ணவேண்டா. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 2012இல் 335 பிறவிக் கிரந்தி நேர்வுகள் பதிவாயின. 2022இல் அவை 3,700க்கு மேல் உயர்ந்துவிட்டன. பத்தில் ஏறத்தாழ ஒன்பதைத் தடுத்திருக்கலாம் என்பது அந்நாட்டு நோய்த்தடுப்பு நிலையத்தாரின் கணிப்பு. பாதிக்கு மேற்பட்ட தாய்மாருக்குச் சோதனையில் நோய் தெரிந்திருந்தும் உரிய காலத்தில் உரிய மருந்து சேரவில்லை. மருந்தும் இருந்தது, மருத்துவரும் இருந்தனர். இடையிலிருந்த கண்ணிகள் விட்டுப்போயின.

நமக்கு அண்டையிலுள்ள இலங்கையின் நிலை வேறு. தாயிடமிருந்து சேய்க்கு எச்.ஐ.வி.யும் கிரந்தியும் பரவுவதை ஒழித்த நாடென 2019இல் உலக சுகாதார நிறுவனம் அதற்குச் சான்றளித்தது. கியூபா 2015இலும், தாய்லாந்து 2016இலும், மலேசியா 2018இலும் இச்சான்று பெற்றன. இலங்கையில் 1926ஆம் ஆண்டு களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கிய காலந்தொட்டு, வீடு வீடாகச் செல்லும் மருத்துவ மாதரே அந்நாட்டுத் தாய் சேய் நலப் பணியின் முதுகெலும்பு. தம் பகுதியில் கருவுற்றவர் யார் என்பதைப் பதிவேட்டில் வைத்து, அவரைத் தேடிச் சென்று காணும் ஒருவர் எப்போதும் இருக்கிறார். நமக்கும் இது புதிதன்று. தாய்க்குத் தடுப்பூசி போட்டுப் பச்சிளங்குழந்தைகளின் இரணஜன்னியை ஒழித்த நாடென 2015இல் இந்தியா பெயர் பெற்றது நம் கிராம சுகாதார செவிலியர்களின் கால்நடையால் அன்றோ?

பஞ்சாயத்து செய்யத்தக்கதும் தகாததும்

கிராம சுகாதாரம், துப்புரவு, ஊட்டச்சத்துக் குழு என ஒன்று ஒவ்வோர் ஊரிலும் உண்டு. பல இடங்களில் அது தாளில் மட்டும் உள்ளது. பஞ்சாயத்துத் தலைவர் அதனைக் கூட்டி, செவிலியரையும் அங்கன்வாடிப் பணியாளரையும் அழைத்து, புதிதாக மணமாகி வந்த பெண்கள், செங்கற் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் பிற ஊர்களிலிருந்தும் பிற மாநிலங்களிலிருந்தும் வந்து தங்கியிருக்கும் குடும்பங்கள் ஆகியோர் பதிவேட்டில் உள்ளனரா என்று பார்க்கச் சொல்லலாம். சூளையில் தங்கியிருப்போர் ஊர்க் கணக்கில் வருவதில்லை. அவர்களைக் கணக்கிற் சேர்க்க உறுப்பினர் ஒருவர் நேரே போனால்தான் ஆகும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் தொகை, பதிவையும் பரிசோதனைகளையும் ஒட்டித் தவணைகளாக வருவது. முன்னதாகப் பதிவதற்கு இதனையும் ஒரு காரணமாக எடுத்துச் சொல்லலாம். ஒவ்வொரு மாதமும் 9ஆம் நாள் அரசு மருத்துவ நிலையங்களில் கர்ப்பிணிகளுக்குச் சிறப்புப் பரிசோதனை நடைபெறுகிறது. அந்நாளில் பேருந்து இல்லாத குக்கிராமத்திலிருந்து ஒரு வண்டி ஏற்பாடு செய்வது பஞ்சாயத்துக்குப் பெருஞ்செலவன்று.

தாய்வீடு செல்லும் பெண்ணிடம், கர்ப்பகாலச் சீட்டையும் பதிவு எண்ணையும் கையோடு எடுத்துச் செல்லுமாறும், போய்ச் சேர்ந்த வாரத்திலேயே அவ்வூர்ச் செவிலியரிடம் காட்டுமாறும் சொல்லவேண்டும். வளைகாப்பு வீட்டில் சொன்னால் அதிகம் பேர் கேட்பார்கள். முதற் பரிசோதனைக்கு எல்லாக் கணவர்களும் உடன் செல்ல வேண்டுமென ஊர் வழக்கமாக்கிவிடுதல் மிக நன்று. எல்லோரும் போகும் இடத்தில் யாரும் யாரையும் சந்தேகிப்பதில்லை. மருந்து தேவைப்படும் கணவரும் கூட்டத்தோடு கூட்டமாக வந்து போவார்.

இனிச் செய்யலாகாதது. நல்லெண்ணம் கொண்ட உறுப்பினர் சிலர், "யாருக்கு நோய் இருக்கிறதென்று சொன்னால் நாங்களே உதவி செய்வோமே" என்று செவிலியரிடம் கேட்பதுண்டு. கேட்கலாகாது. செவிலியர் சொல்லவும் ஆகாது. பெயரை விட்டுவிட்டு, "எத்தனை பேருக்கு?" என்று கேட்பதும் அவ்வாறே. ஆண்டுக்கு இருபது பிரசவம் நடக்கும் சிற்றூரில் "ஒருவருக்கு" என்னும் பதிலே பெயர் சொன்னதற்குச் சமம். ஊரின் கண் உடனே மூன்று வாரம் ஊசிக்குப் போன பெண்ணைத் தேடும். அதன்பின் எந்தப் பெண்ணும் பரிசோதனைக்கு மனமுவந்து வரமாட்டாள். பேர் அறியாமல் பணி செய்வது பஞ்சாயத்துக்குப் பழக்கமில்லாத ஒன்று. இதில் பழகிக்கொள்ள வேண்டும்.

கேட்கத்தக்கவை வேறு. இந்த மூன்று மாதத்தில் புதிதாகப் பதிந்த கர்ப்பிணிகள் எத்தனை பேர், அவர்களுள் மூன்று மாதம் முடியுமுன் பதிந்தோர் எத்தனை பேர், எல்லோருக்கும் இரத்தம் எடுத்தாயிற்றா, எடுத்ததற்கும் முடிவு வந்ததற்கும் எத்தனை நாள் ஆயிற்று, தாய்வீடு சென்றவர்களை அவ்வூர்ச் செவிலியரிடம் ஒப்படைத்தாயிற்றா என்பனவற்றைக் குழுக் கூட்டத்தில் தாராளமாகக் கேட்கலாம். விடைகளைக் கரும்பலகையில்கூட எழுதலாம். இவற்றால் எவர் மானமும் போகாது. நாட்கள் அதிகமாகின்றன எனத் தெரிந்தால், இரத்தக் குப்பியை ஆய்வகத்திற்கு எடுத்துச் செல்ல ஆளில்லையா, அட்டைச் சோதனைப் பொருள் தீர்ந்துவிட்டதா என அடுத்துக் கேட்க வேண்டும்.

பென்சதீன் பென்சிலின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருப்பு உள்ளதா என்பதையும் மருத்துவ அலுவலரிடம் கேட்டறிய வேண்டும். மிக மலிவான மருந்தாதலால் இதனைச் செய்யும் கம்பெனிகள் உலகிலேயே சிலதான். 2014ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் பல நாடுகளில் இதற்குத் தட்டுப்பாடு வந்தது. நாள்பட இருப்பில்லையென்று தெரிந்தால் பஞ்சாயத்தில் தீர்மானம் நிறைவேற்றி மாவட்டச் சுகாதார அலுவலருக்கு அனுப்பலாம். விதையும் உரமும் பருவத்தில் வராவிட்டால் நாம் எழுதுகிறோம் அல்லவா? கிராம சபை கூடும் நாட்களில் இதற்கும் ஐந்து நிமிடம் ஒதுக்கலாம்.